பேசாமல் போன அட்டைகள்

அட்டையம்மாவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. சர்வர் அறையில் இருக்கிற அட்டைகளைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் வந்த பெயர் என்று அவள் நம்புகிறாள். எதையாவது பிடித்துக்கொண்டால் ரத்தத்தை உறிஞ்சாமல் விடமாட்டாள் என்பதால் வந்தது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

அவள் வேலை பார்க்கும் இடம் ஒரு பல்கலைக்கழகக் கட்டிடத்தின் அடித்தளம். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொடும். வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் காலுறையுமாகத்தான் நடமாடுவாள். விசிறிகளின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசிக் குரல் தடித்துவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

உள்ளே வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். அவற்றில் புத்தகங்களைச் செருகியது போல அட்டைகள். சாதாரணச் சில்லுக்கு, அதாவது சிப்புக்கு, பிறக்கும்போதே தலையெழுத்து எழுதியாகிவிடும், கடைசிவரை அந்த ஒரு வேலைதான். இந்த அட்டைகளின் நடுவில் இருக்கும் சில்லுக்கு எஃப்பிஜிஏ என்று பெயர். நாம் எழுதி அனுப்புகிற வடிவத்தை வாங்கிக்கொண்டு தன் உள் இணைப்புகளையே அது மாற்றிக்கொள்ளும். காலையில் படங்களுக்குள் முகம் தேடிக்கொண்டிருந்த அட்டை, மதியம் வேறொருவர் வேறொரு வடிவத்தை ஏற்றினால், மரபணு வரிசைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். சாதாரணக் கணினி மூச்சு வாங்கிச் செய்கிற கணக்கை அனாயாசமாக ஊதித் தள்ளும். கிளவுட் என்று ஊரெல்லாம் ஆகாயத்தைக் காட்டிச் சொல்கிறதே, அது இந்த மாதிரி அடித்தளங்களில்தான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த அட்டைகளுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. எந்தக் கணினிக்கும் அடிமையாக இல்லாமல் தனியாக நிற்பவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் நேரே நெட்வொர்க்குக்குப் போகும். எங்கெங்கோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கேபிள் வழியாகத்தான் உள்ளே வந்து, வடிவம் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, கிளம்பிப் போவார்கள். அட்டைக்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். அது அடைத்துக்கொண்டால் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அட்டையிலும் கையால் ஒரு சிறு கம்பியைச் சொருகிச் சரிசெய்ய வேண்டும். எல்லா அட்டைக்கும் அப்படிச் செய்வதென்றால் வாரக்கணக்கில் முதுகு ஒடிந்துபோகும்.

அட்டையம்மா இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் பிறக்கவில்லை. பாலிடெக்னிக்கில் படித்தாள். முதல் வேலை லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில், கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதித்துப் பார்ப்பது. அங்கே அவசரக்குடுக்கை என்று பெயரெடுத்தாள். மின்சாரத்தை நிறுத்தும் முன்பே பலகையைப் பிடுங்குவாள், கம்பியை மாற்றிக் கொடுப்பாள். கருகிய பலகை குப்பைத் தொட்டிக்குப் போகும் முன் மேலாளர் அதை உயர்த்திப் பிடித்து நாலு பேர் முன்னால் அவள் மானத்தை வாங்குவார். பிறகு சாலை சிக்னல் விளக்குகள் செய்யும் கம்பெனிக்கு மாறினாள். அழித்து எழுதக்கூடிய சில்லு அங்கேதான் முதன்முதலாக அவள் கைக்கு வந்தது. தப்பு செய்தால் குப்பையில் போட வேண்டாம், அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் போதும். வாழ்க்கையில் இதைவிட நல்ல செய்தியை அவள் அதுவரை கேட்டதில்லை.

அவசரம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அதனால் தனக்குத்தானே ஒரு கடிவாளம் போட்டுக்கொண்டாள். எந்த மாற்றமானாலும் முதலில் ஒரே ஓர் அட்டையில் ஏற்றுவது, அது எழுந்து பதில் சொல்கிறதா என்று பார்ப்பது, அப்புறம்தான் மற்றவை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லிக் காதில் ரத்தம் வரவைப்பாள்.

கணவரும் அதே அடித்தளத்தில்தான் வேலை. அட்டைகளிலிருந்து வரும் கேபிள்களை வாங்கி நெட்வொர்க்கோடு சேர்க்கிற பெட்டிகள், அதாவது சுவிட்சுகள், அவர் பொறுப்பு. எல்லோரும் சுவிட்சுக்காரர் என்பார்கள். சிக்னல் கம்பெனியில் இருந்தபோது சாலையோரப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, "மேடம், உங்க பெட்டி பேச மாட்டேங்குதா, என் கம்பி கேக்க மாட்டேங்குதா?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டவர். கம்பிதான் தப்பு என்றாள் அவள். பெட்டிதான் தப்பு என்றார் அவர். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த விசாரணை முடியவில்லை.

இந்த வருஷம் சண்டைக்குக் கிடைத்த விஷயம் கரெக்‌ஷன். கேபிளில் ஓடும் தகவலில் அங்கங்கே பிசகு விழும். அதை வழியிலேயே சரிசெய்துகொள்ள ஓர் ஏற்பாடு உண்டு, அதைத்தான் இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அட்டையில் ஒன்று, சுவிட்சில் ஒன்று என்று இரண்டு முனையிலும் அதைப் போட்டிருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளும். இரண்டு முனையிலும் எடுத்துவிட்டாலும் பேசிக்கொள்ளும். ஒரு முனையில் இருந்து மறுமுனையில் இல்லாவிட்டால் மட்டும் ஒன்றுக்கொன்று முகமே தெரியாது.

இத்தனை நாளும் இரண்டு முனையிலும் போட்டுத்தான் இருந்தது. கரெக்‌ஷன் இருந்தால் ஒவ்வொரு செய்தியும் இம்மியளவு தாமதமாகிறது, தாமதத்தை அளக்க வருகிற ஆராய்ச்சிக்கு அது இடைஞ்சல், எடுத்துவிடுங்கள் என்பது அட்டையம்மாவின் கட்சி. கேபிளெல்லாம் பழசு, நீளம் வேறு, எடுத்தால் பிசகு கொட்டும் என்பது கணவர் கட்சி. வீட்டில் தட்டைக் கழுவும்போது, துணியை மடிக்கும்போது, பல் தேய்க்கும்போதுகூட இதே பேச்சு. கடைசியில் ஒருநாள் அவள், "அடுத்த தடவ நான் ஆஃப் பண்ணித்தான் ஏத்தப் போறேன். உங்க பக்கம் நீங்க என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதோடு இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் இருந்த மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? என்ன விஷயம்?"

"கரெக்‌ஷன் விஷயம் அத்தை."

"அவனயா? அவன நானே கரெக்ட் பண்ண முடியல. நீ ஏன் வீணா மெனக்கெடற?" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் முறை வந்தது. வேறு ஊரில் இருக்கும் பெண். அட்டையம்மா அவளை நேரில் பார்த்ததில்லை, அலைபேசியில்தான் பழக்கம். ஒரு பெரிய தேடலைப் பல அட்டைகளுக்குப் பங்கு போட்டு, நடுவில் எந்தக் கணினியின் தயவும் இல்லாமல் அவற்றையே ஒன்றோடொன்று பேசவைத்து முடிக்க முடியும் என்று காட்டுவதுதான் அவள் ஆராய்ச்சி. வருஷக்கணக்கான உழைப்பு. எல்லா அட்டைகளையும் ஒரே நேரத்தில் கேட்கிற ஓட்டம் என்பதால் அடிக்கடி கிடைக்காது. இதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவளுக்கோ நிறைமாதம். பிரசவத்துக்கு முன்னால் இந்த அளவை எடுத்துவிட்டால் பட்டம். எடுக்காவிட்டால், கைக்குழந்தையோடு எப்போது திரும்பி வருவாள், வருவாளா என்று யார் கண்டது?

"அக்கா, கார்டுல அடிப்படை வடிவம் ரொம்ப எடம் அடைக்குது. என்னோடது உள்ள போக மாட்டேங்குது. கொஞ்சம் சின்னதா பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டிருந்தாள். கரெக்‌ஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்குக் கவலையில்லை, இடம்தான் வேண்டும்.

"நீ கவலப்படாதம்மா. உன் முறை வர்ற அன்னைக்குக் காலையில எல்லாம் தயாரா இருக்கும்" என்று அட்டையம்மா வாக்குக் கொடுத்தாள்.

ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்றுகிற வடிவத்துக்கு அடியில், நெட்வொர்க்கோடு பேசுவதற்கென்று எல்லா அட்டையிலும் நிரந்தரமாக ஓர் அடிப்படை வடிவம் இருக்கும். அதைத்தான் அவள் வாரம் முழுக்க உட்கார்ந்து சுருக்கினாள். முடிக்கிற நேரத்தில் கரெக்‌ஷன் வந்து நின்றது. கணவரிடம் சவால் விட்டபடி ஆஃப் செய்யத்தான் கை போனது. அப்புறம் யோசித்தாள். ஆஃப் செய்து, அவரும் வீம்புக்கு ஆனில் வைத்திருந்தால் என்ன ஆகும்? அவர் விட்டுக்கொடுத்தாலும், அந்தப் பழைய கேபிள்களில் பிசகு கொட்டி ஓட்டம் பாதியில் நின்றால்? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் உழைப்பை வைத்துப் புருஷனோடு மல்லுக்கட்டுவதா? வீம்பை மென்று விழுங்கிவிட்டு ஆனிலேயே விட்டாள். அதைக் கணவரிடம் சொன்னாளா என்றால் சொல்லவில்லை. சொன்னால் தோற்றதாகிவிடுமே.

ஓட்டம் தொடங்க வேண்டிய நாள் காலை, யாரும் அட்டைகளைத் தொடாத பராமரிப்பு நேரம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் பக்கம் வருவதற்குள் முடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பரபரப்பு. அந்தப் பரபரப்பில்தான் ஊருக்கெல்லாம் ஓதுகிற விதியைத் தானே மறந்தாள். ஓர் அட்டையில் ஏற்றிப் பார்க்காமல், எல்லா அட்டைகளுக்கும் ஒரே தட்டலில் புதிய வடிவத்தை அனுப்பிவிட்டாள்.

அட்டைகள் வடிவத்தை வாங்கிக்கொண்டன. அணைந்தன. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். முதல் வரிசையைக் கூப்பிட்டாள், மௌனம். இரண்டாவது வரிசையைக் கூப்பிட்டாள், அதுவும் மௌனம். அலமாரிக்கு ஓடினாள். விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் கேபிள் சொருகிய இடத்தில் பச்சையாக எரிய வேண்டிய விளக்குகள் ஒன்றுவிடாமல் இருண்டு கிடந்தன. மொத்தமாக மின்சாரத்தை நிறுத்திப் போட்டாள். மறுபடியும் அதே இருட்டு. உள்ளே போக வாசல் இல்லை, பழைய வடிவத்தைத் திருப்பி ஏற்ற வழியில்லை. லிஃப்ட் கம்பெனியில் கருகிய பலகையைப் பார்த்து நின்றபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. அங்கே கெட்டது ஒரு பலகை. இங்கே கெட்டது ஒரு பெண்ணின் காரியம்.

ஒரு பெட்டியை இழுத்துத் திறந்து, ஓர் அட்டையில் அந்தச் சிறு கம்பியைச் சொருகிப் பார்த்தாள். அட்டை உயிரோடுதான் இருந்தது. புதிய வடிவம் ஒரு குறையும் இல்லாமல் ஏறியிருந்தது. மறுமுனைதான் அதற்குத் தெரியவில்லை. அப்படியென்றால் சுருக்குகிறேன் பேர்வழி என்று நெட்வொர்க் பகுதியில் எதையோ வெட்டித் தொலைத்துவிட்டோம் என்று முடிவு கட்டினாள். வரிவரியாகத் தேடினாள். எல்லாம் முன்பு இருந்தபடியே இருந்தது. அலைபேசியில் ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் செய்தி வந்து கிடந்தது. "அக்கா, மதியம் ஆரம்பிச்சிடலாம்ல?"

சுவிட்சின் முனையிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டால் ஒருவேளை வழி பிறக்கும். கேட்க வேண்டிய ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். போவதா, இன்னும் ஒருமுறை தேடிப் பார்ப்பதா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தானே கண்டுபிடித்துவிட்டால் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியை இன்னொரு தரம் படித்தாள். போய்விட்டாள்.

கணவர் அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வா, உட்காரு."

"உட்கார நேரமில்லீங்க. எல்லாக் கார்டையும் கெடுத்துட்டேன். ஒண்ணுகூடப் பேசல."

அவர் சிரிப்பு போய்விட்டது. "நீ இன்னும் ரீஸ்டார்ட் பண்ணிட்டிருக்கேன்னுல்ல நெனச்சேன்."

"அது எப்பவோ முடிஞ்சுது. எல்லாம் எழுந்திருச்சிருச்சு. லைட்டுதான் எரியல. ஒண்ணுல ஏத்திப் பாக்காம மொத்தமா ஏத்தித் தொலச்சுட்டேன். அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல." குரல் உடைந்தது. அந்த இரைச்சலிலும் அது அவருக்குக் கேட்டது.

"பதறாத. நெட்வொர்க் பக்கம் என்ன மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தல. எடத்த மட்டும்தான் சுருக்கினேன்."

"கரெக்‌ஷன் ஆஃப் பண்ணினேல்ல?"

"இல்ல."

"என்னது?"

"ஆன்லதான் விட்டேன். நீங்கதானே ஆன்லயே இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க."

அவர் அவளையே பார்த்தார்.

"நான் ஆஃப் பண்ணிட்டேனே" என்றார்.

"எப்ப?"

"இன்னைக்குக் காலையில. நீ ஏத்தி முடிச்சு கார்டெல்லாம் அணைஞ்சுதே, அப்ப. ஆஃப்லதான் ஏத்துவேன்னு சொல்லிட்டுப் போனே. நீ சொன்னா செய்வே. நான் பாட்டுக்கு வீம்புக்கு ஆன்ல வெச்சிருந்தா அந்தப் பொண்ணு வேல கெட்டுப்போயிடுமேன்னு..."

"அதச் சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

அவர் திரும்பி, சுவிட்சில் அதை மறுபடி ஆன் செய்ய ஒரே ஒரு வரியைத் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, மேலிருந்து கீழே, அலமாரி முழுவதும் பச்சை பூத்தது. அட்டையம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நிம்மதியை ஒரே நேரத்தில் அவள் உடம்பு அதுவரை தாங்கியதில்லை.

"கேபிளெல்லாம் பழசு, பிசகு கொட்டும்னு சொன்னீங்க. அப்புறம் எந்தத் தைரியத்துல ஆஃப் பண்ணினீங்க?" என்று தரையில் இருந்தபடியே கேட்டாள்.

"மாத்திட்டேன். எல்லாம் குட்டைக் கேபிள், புதுசு. அவசரத்துல நீ கவனிக்கல. ஞாயித்துக்கெழம நண்பன் வீட்டுக்குப் போறேன்னு கெளம்பினேனே, இங்கதான் வந்தேன்." கையை நீட்டிக் காட்டினார். விரல்களில் கேபிள் முடிச்சுகள் கிழித்த கீறல்கள். "இனிமே நீ கேட்ட மாதிரி ரெண்டு பக்கமும் ஆஃப்லயே வெச்சுக்கலாம். அடுத்த பராமரிப்புல பண்ணிடலாம்."

"வேணாம், ஆன்லயே இருக்கட்டும்."

"சொன்னா கேளு. ஆஃப்."

"ஆன்தான்" என்று அவள் தொடங்க, இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அட்டையம்மா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் எல்லா அட்டைகளையும் கூப்பிட்டாள். ஒன்றுவிடாமல் பதில் சொல்லின. ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு, "ஆரம்பிச்சுக்கோம்மா" என்று செய்தி அனுப்பினாள்.

மதியம் முழுக்க அட்டைகள் கொதித்தன. விசிறிகளின் சத்தம் ஏறியது. கணவனும் மனைவியும் ஒருவர் மேசையை விட்டு எழுந்தால் மற்றவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கேபிளும் பிசகவில்லை, ஓர் அட்டையும் நிற்கவில்லை. சாயங்காலம் அவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அலைபேசி அடித்தது.

"அக்கா, முடிஞ்சுது. எல்லா அளவும் கெடச்சிருச்சு. நான் எதிர்பார்த்ததவிட நல்லாவே வந்திருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. போய் நிம்மதியா படுத்துத் தூங்கு."

"தூங்க முடியாதுக்கா. மதியம் ஓட ஆரம்பிச்சதிலேருந்தே லேசா வலி. டாக்டர்கிட்ட கேட்டேன், இப்ப வரச் சொல்லிட்டாங்க. வண்டி வாசல்ல நிக்குது. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னுதான்."

"வலியோட உட்கார்ந்திருந்தியா? அறிவிருக்கா உனக்கு? மொதல்ல கெளம்பு."

"கார்டுங்க ஒரு தடவகூட நிக்கலக்கா. ஒரு தடவ நின்னிருந்தாலும் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிருப்பேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டே நானும் உட்கார்ந்துட்டேன். சரிக்கா, வெக்கறேன்."

அட்டையம்மா அலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். காலையில் கண்ணாடிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரம் கண்முன் வந்தது. அந்த இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. விடிந்தபோது செய்தி வந்திருந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். படித்துவிட்டுப் படுக்கையிலேயே உட்கார்ந்து அழுதாள். கணவர் பதறி எழுந்தார். அலைபேசியை நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்து முடித்தார்.

"நேத்து மதியம் வரைக்கும் வீம்பு பாத்துக்கிட்டு உங்ககிட்ட வராமலே இருந்திருந்தேன்னா?" என்று கேட்டாள்.

"வந்துட்டேல்ல" என்றார் அவர்.